கையெழுத்துப் போடும் முன்...
வரி ஏய்ப்பும் குடும்ப வணிகமும்

பாசிர் ரிஸ்ஸில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை. தேக்காவில் அதற்கு ஒரு கிளை. தந்தையும் சித்தப்பாவும் இருபது ஆண்டுகளாக வளர்த்த வணிகம். மகள் பட்டம் பெற்ற மறுவாரமே தந்தை ஒரு காகிதத்தை நீட்டுகிறார். "படித்தவள் நீதானம்மா. இனி கம்பெனியில் நீயும் ஓர் இயக்குநர். வரிப் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போடு."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இது நடந்திருக்கும், அல்லது நாளை நடக்கும்? அப்பா நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கும் பிள்ளைகள் நாம். அந்தக் கையெழுத்தின் சட்டப் பொருள் என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழையும் மோசடியும்

சட்டம் அனுமதிக்கும் கழிவுகளைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வது குற்றமன்று. ஆனால் அதற்கு அப்பால் மூன்று படிகள் உள்ளன. சிங்கப்பூரின் வருமான வரிச் சட்டம் இவற்றைத் தனித்தனியே பார்க்கிறது.

முதலாவது, தக்க காரணமின்றியோ கவனக்குறைவாலோ தவறான கணக்குக் கொடுப்பது. இதற்குக் குறைத்துக் காட்டிய வரியைப் போல் இரு மடங்கு தண்டத் தொகை. அதோடு 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். "எனக்குக் கணக்குத் தெரியாது" என்பது இங்கே தப்பிக்கும் வழியன்று.

இரண்டாவது, வேண்டுமென்றே வரி ஏய்ப்பது. தண்டத் தொகை மும்மடங்கு. அபராதம் 10,000 வெள்ளி வரை. சிறை மூன்றாண்டு வரை.

மூன்றாவது, பொய்க் கணக்குப் புத்தகம் எழுதுவது போன்ற மோசடிகளால் ஏய்ப்பது. தண்டத் தொகை நான்கு மடங்கு. அபராதம் 50,000 வெள்ளி வரை. சிறை ஐந்தாண்டு வரை.

பின்னிரு படிகளிலும், பிறர் வரி ஏய்க்க உதவியவரும் குற்றவாளியே என்பதைக் கவனியுங்கள். லாபத்தில் ஒரு காசுகூட வாங்காமல், குடும்பத்துக்காகக் கணக்கு எழுதிக் கொடுத்த பிள்ளையும் இதில் அடங்குவார்.

ஒரு சிறு கணக்கு

மேற்சொன்ன கடை, பொருள் சேவை வரி நீங்கலாக ஒரு லட்சம் வெள்ளி விற்பனையை மறைத்து, இரண்டாவது புத்தகம் ஒன்றில் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். நிறுவன வரி 17 விழுக்காடு. சலுகைகளை விட்டுவிட்டால், ஏய்த்த வரி 17,000 வெள்ளி. அதற்கு நான்கு மடங்கு தண்டம் 68,000. அவ்விற்பனையில் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி 9,000. அதை ஏய்த்ததற்கு மும்மடங்கு தண்டம் 27,000. ஆக மொத்தம் 1,21,000 வெள்ளி!

மறைத்த முழுத் தொகையையும் விட இது அதிகம். நீதிமன்ற அபராதம் இதில் சேரவில்லை. பொருள் சேவை வரி ஏய்ப்புக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு என்பதும் சேரவில்லை. மேலும், நேர்மைக்கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஐந்தாண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்க முடியாத நிலையும் வரலாம். வேலை தேடும் இளம் பட்டதாரிக்கு இது எத்தகைய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் சிறைக்குப் போனார்கள்?

உலகறிந்த குடும்ப நிறுவனங்கள் மூன்றின் கதையைப் பார்ப்போம்.

முதலில், இத்தாலியின் குச்சி. அதன் தலைவர்களில் ஒருவரான ஆல்டோ குச்சி, அமெரிக்காவில் 70 லட்சம் டாலருக்கு மேல் வரி ஏய்த்ததை ஒப்புக்கொண்டார். 1986இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. வழக்குக்கு வித்திட்ட ஆவணங்களை வெளிக்கொணர்ந்தவர் அவருடைய சொந்த மகன் பாவ்லோ. குடும்பச் சண்டையில் கணக்குப் புத்தகமே ஆயுதமானது. 1993இல் அக்குடும்பத்தின் கடைசிப் பங்கும் கைமாறியது.

அடுத்தது நியூயார்க்கின் டிரம்ப் நிறுவனம். நிதி அதிகாரி ஆலன் வைசல்பெர்க், வாடகையில்லா வீடு, சொகுசுக் கார்கள், பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எனப் பல சலுகைகளை நிறுவனத்திடம் பெற்றார். சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த அவற்றுக்கு வரி கட்டவில்லை. 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2023 ஜனவரியில் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் தம் சொந்த லாபத்துக்காகவே செய்தார் என நிறுவனத் தரப்பு வாதிட்டதை நடுவர் குழு ஏற்கவில்லை. இரு டிரம்ப் நிறுவனங்கள் 17 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளிகள் என 2022 டிசம்பரில் முடிவானது. அபராதம் 16 லட்சம் டாலர். சட்டம் அனுமதித்த உச்சவரம்பு அது. அவ்வழக்கில் டிரம்ப் மீது குற்றம் சாட்டப்படவில்லை.

மூன்றாவது நமக்கு மிக அருகில் உள்ளது. சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ஆர்ஜிஇ குழுமத்தைச் சேர்ந்தது ஏஷியன் அக்ரி என்ற செம்பனை எண்ணெய் நிறுவனம். குழுமத்தை நிறுவியவர் சுகாந்தோ தனோத்தோ. 2006இல் அந்நிறுவனத்தின் பணத்தைக் கையாட முயன்று மாட்டிக்கொண்ட நிதி அதிகாரி வின்சென்ட், சிங்கப்பூருக்குத் தப்பியோடி வந்து, வரிக் கணக்கு ரகசியங்களை வெளியிட்டார். 2012 டிசம்பரில் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம், ஏய்த்த வரியின் இரு மடங்காகச் சுமார் 2.5 டிரில்லியன் ரூப்பியா அபராதம் விதித்தது. வரிப் பிரிவு மேலாளர் ஒருவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட ஈராண்டுச் சிறைத்தண்டனை. வின்சென்ட்டுக்குத் தம் பணமோசடிக்காகப் பதினோராண்டுச் சிறை. குற்றச்சாட்டை மறுத்துவந்த நிறுவனம் 2014இல் தவணைகளாக அபராதத்தைச் செலுத்தியது.

மூன்று கதைகளிலும் ரகசியம் உடைந்ததோ, வலுப்பெற்றதோ உள்ளிருந்தவர்களால்தான். பின்னிரண்டில் தனிமனிதத் தண்டனை, கணக்கைக் கையாண்ட ஊழியர்கள் மீதே விழுந்தது. உரிமையாளரின் பெயர் பெயர்ப்பலகையில் இருக்கலாம். சட்டம் முதலில் தேடுவது காகிதத்தில் இருக்கும் பெயரை!

காலம் காப்பாற்றுமா?

"பழைய கதை, யார் தோண்டப் போகிறார்கள்?" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சாதாரணமாக வரி ஆணையம் நான்கு ஆண்டுகள் வரைதான் பின்னோக்கி மறுமதிப்பீடு செய்யலாம். ஆனால் மோசடியோ வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தால் கால வரம்பே கிடையாது. தகவல் தருபவருக்கு, மீட்கப்படும் வரியில் 15 விழுக்காடு, அதிகபட்சம் ஒரு லட்சம் வெள்ளி, வெகுமதியும் உண்டு. மனத்தாங்கலோடு விலகிப் போன ஒரு பழைய ஊழியர் போதும். மேலும் 2013 ஜூலை முதல், கடுமையான வரிக் குற்றத்தின் பணத்தைக் கையாள்வது பணமோசடிச் சட்டத்தின் கீழும் வருகிறது.

நாம் செய்யக்கூடியது

முதலில், கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கல்லாவில் விழும் ரொக்கம் முழுவதும் பதிவாகிறதா? வீட்டுச் செலவு கடைச் செலவாக எழுதப்படுகிறதா? கடைக்கு வராத உறவினர் பெயரில் சம்பளம் போகிறதா? ரசீதுகள் சட்டப்படி ஐந்தாண்டுகளுக்குப் பத்திரமாக உள்ளனவா?

தவறு ஏற்கெனவே நடந்திருந்தால் வழி அடைபட்டுவிடவில்லை. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் கேள்வி வருமுன் தாமாக முன்வந்து தெரிவிப்பவர்களுக்கென்று ஒரு திட்டமே இருக்கிறது. அறியாமல் நேர்ந்த பிழையைப் படிவக் கெடு முடிந்த ஓராண்டுக்குள் தெரிவித்து, வரியையும் கட்டினால் தண்டம் இல்லை. அதன் பிறகு வருமான வரியென்றால் ஆண்டுக்கு 5 விழுக்காடு மட்டுமே. வேண்டுமென்றே செய்தது என்றால் தண்டம் இதைவிடக் கூடும். ஆனாலும் மாட்டிக்கொண்டபின் செலுத்துவதைவிடக் குறையும். எப்படியாயினும் ஒரு வழக்கறிஞரையோ வரி ஆலோசகரையோ உடன் வைத்துக்கொள்வது நலம்.

அந்த மகளிடம் திரும்புவோம். "அப்பா, இந்த வாரம் ரசீதுகளை நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று அவள் சொன்னால், தந்தை முதலில் முகம் சுளிக்கலாம். ஆனால் இருபதாண்டு உழைப்பைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய உதவியை அவள் செய்துவிட முடியாது. நாம் பெற்ற படிப்பு வீட்டுக்குப் பயன்படவேண்டிய இடமும் அதுதானே!