நாற்காலி காலியாவதில்லை

மூளையில் உள்ள புரதங்களில் பெரும்பாலானவை சில நாள்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான் தாங்கும். அப்படியென்றால் ஐந்தாம் வகுப்பில் படித்த வாய்ப்பாடு அறுபது வயதிலும் எப்படி நிற்கிறது? மூலக்கூறுகள் மாறிக்கொண்டே இருக்க நினைவு மட்டும் எப்படி நீடிக்கிறது என்று 1984-இல் பிரான்சிஸ் கிரிக் கேட்டார். அதற்குப் பதில் ‘கைனேஸ்’ நொதிகளிடம் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு நொதியை ‘நினைவு மூலக்கூறு’ என்று முடிசூட்டுவது தவறு என்பதே என் வாதம்.

கைனேஸின் வேலை, பாஸ்பேட் ஒன்றை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுவது. நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் குவிந்திருக்கும் ‘கேம் கைனேஸ் 2’ பன்னிரண்டு துண்டுகளால் ஆனது. ஆறாறாக இரண்டு வளையம். கால்சியம் பாய்ந்ததும் ஒரு துண்டு பக்கத்துத் துண்டின் 286-ஆம் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பிறகு கால்சியம் வடிந்தாலும் நொதி விழித்தே இருக்கும். அந்த ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிய சுண்டெலிகளால் நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்க முடியவில்லை என்று 1998-இல் தெரிந்தது. ஆனால் இது தொடக்கிவைக்கும் நொதி. காத்துவைப்பது யார்?

‘பிகேஎம் ஸீட்டா’ என்றார் நரம்பியல் ஆய்வாளர் டாட் சாக்டர். பூட்டுப் பகுதியே இல்லாததால் எப்போதும் இயங்கும் கைனேஸ் அது. அதைத் தடுப்பதாகக் கருதப்பட்ட ‘ஸிப்’ மருந்தைச் செலுத்தியதும் எலிகள் கற்றதை மறந்தன; ஆண்டு 2006. 2013-இல் இரண்டு குழுக்கள் வெடி வைத்தன: அந்தக் கைனேஸின் மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளுக்கும் நினைவாற்றல் குறையவில்லை, ஸிப் அவற்றிலும் நினைவை அழித்தது. கதை முடிந்தது என்றார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. ஸிப் குறி தவறும் மருந்து என்பதுதான் அங்கே நிரூபணமானது. அந்தச் சுண்டெலிகளில் உறவுக்கார கைனேஸ் ஒன்று அந்த வேலையை ஏற்றிருந்ததை 2016 ஆய்வு காட்டியது. 2024-இல் இன்னும் தெளிவு: ‘கிப்ரா’ என்ற புரதம், வலுப்பட்ட இணைப்புகளில் பிகேஎம் ஸீட்டாவைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியை வேறொரு மருந்தால் குலைத்தால் ஒரு மாதத்துக்கு முந்தைய நினைவும் போகிறது. மரபணு நீக்கிய சுண்டெலிகளில் அதே மருந்து எதையும் அழிப்பதில்லை. கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுமுன் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாரே, அதே கதைதான். ஆள் மாறலாம், இடம் காலியாகாது.

இத்தனையும் எலிகளிலும் சுண்டெலிகளிலும் கண்டவை. கைனேஸின் பெயரைச் சொல்லி ஞாபகசக்தி மாத்திரை விற்க யாராவது வந்தால், பணத்தைப் பையிலேயே வையுங்கள்.