நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி

பொட்டின் பசை, தலைக்கு அடிக்கும் டை, வாசனை ஸ்ப்ரே. தினமும் பூசிக்கொள்ளும் பொருள்களே தோலின் நிறத்தை அழித்துவிடக்கூடும். ஆனால் வீட்டில் எல்லோரும் பயப்படுவதோ வேறொரு நோய்க்கு.

முதலில் லேசான அரிப்பு. பொட்டைக் கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். சில வாரங்களில் பொட்டு இருந்த இடம், அதே வட்டத்தில், வெளுத்துவிடும். அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு. பிறகு இன்னும் பெரிய வெள்ளை. ஒரு வழியாக டாக்டரிடம் வரும்போது, கூட வரும் அம்மாவோ மாமியாரோ தணிந்த குரலில் கேட்பது ஒன்றைத்தான்: இது வெண்குஷ்டமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் சாதாரணமானதல்ல. வெண்புள்ளிக்கும் குஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அது தொற்றுவதும் இல்லை. ஆனாலும் நிச்சயமான கல்யாணம் நின்றுபோக நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி போதும். எனவே பல குடும்பங்கள் விஷயத்தை மூடி மறைக்கின்றன. மறைக்கப் பயன்படுவது பெரும்பாலும் நோயை உண்டாக்கிய அதே பொட்டு என்பதுதான் வேதனை.

ஏனென்றால் இந்த வெள்ளைக்குக் காரணம் ரத்தத்திலோ பரம்பரையிலோ இல்லை, பசையில் இருக்கிறது. அலகாபாத்தைச் சேர்ந்த தோல் நோய் நிபுணர் டாக்டர் ஏ.கே. பஜாஜும் அவரது சகாக்களும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் குற்றவாளியைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள்: ஸ்டிக்கர் பொட்டின் பசையில் தங்கியிருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால். செருப்பு, வாட்ச் பட்டை ஆகியவற்றை ஒட்டும் பிசின்களிலும் இதே பொருள் உண்டு.

இது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உற்பத்தி செய்ய, நிறமி செல்களுக்கு டைரோசின் என்ற மூலப்பொருள் தேவை. பசையில் உள்ள ரசாயனம் உருவத்தில் டைரோசினைப் போலவே இருப்பதால், செல் ஏமாந்து அதை உள்ளே இழுத்து வேலையைத் தொடங்குகிறது. விளைவது நிறமல்ல, விஷம். செல் செத்துப்போகிறது. அரிப்போ சிவப்போ இல்லாமலேயே இது நடக்கலாம் என்பதால் பலர் கவனிப்பதில்லை.

இந்த வகை வெளுப்பை டாக்டர்கள் கெமிக்கல் லூக்கோடெர்மா என்கிறார்கள். உலகத்துக்கு இது முதலில் தெரியவந்தது 1939-ல், அமெரிக்காவில். அங்கே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ரப்பர் கையுறை அணிந்து வேலை பார்த்தவர்களுக்குக் கைகள் வெளுத்தன. ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்திருந்த, ஹைட்ரோகுயினோன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனம்தான் காரணம். நம் ஊரில் அதே குடும்பம் ஹவாய் செருப்பில் வந்தது. பாதத்தில் செருப்பு வார் படும் இடத்தில் மட்டும், ஆங்கில 'வி' எழுத்தைப் போல ஒரு வெள்ளைக் கோடு. பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

பெரிய கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூடங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. ஜப்பானின் கனேபோ நிறுவனம், ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து விற்ற நிறம் கூட்டும் கிரீம்களை 2013 ஜூலையில் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் 19,000 பேருக்கு மேல் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. வெள்ளையாக ஆசைப்பட்டவர்களுக்குக் கிடைத்த வெள்ளை.

இந்தியாவில் இதன் வீச்சு எவ்வளவு என்பதைக் காட்டியது கல்கத்தா டாக்டர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு. 864 நோயாளிகளைப் பரிசோதித்தபோது பட்டியலில் முதலிடம் பிடித்தது பொட்டு அல்ல, தலைச் சாயம்: 27.4 சதவீதம். அடுத்து டியோடரன்ட்டும் வாசனை ஸ்ப்ரேயும் 21.6 சதவீதம். துணி, பாத்திரம் கழுவும் பொருள்கள் 15.4 சதவீதம். ஸ்டிக்கர் பொட்டு 12 சதவீதத்துடன் நான்காவது இடத்தில். ஐ லைனர், லிப்ஸ்டிக், பெண்கள் காலுக்கு இடும் ஆல்தா, தாயத்துக் கயிற்றின் சாயம்கூட வரிசையில் இருந்தன. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அலமாரியை அப்படியே கவிழ்த்துக் கொட்டியது போன்ற பட்டியல்.

தலைச் சாயம் முதலிடத்தில் இருப்பதில் ஆச்சரியமில்லை. கறுப்பு டையின் உயிர்நாடி பாரா ஃபெனிலீன் டையமின். சுருக்கமாக, பி.பி.டி. இது நிறத்தை அழிப்பதோடு நிற்பதில்லை, உலகில் மிகக் கடுமையான ஒவ்வாமை தரும் பொருள்களில் ஒன்றும்கூட. இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது நல்லது. சோப்பு பட்டு எரிவது எரிச்சல். அது யாருக்கும் வரலாம், அளவைக் குறைத்தால் குறையும். ஒவ்வாமை அப்படியல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி அந்தப் பொருளை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. அதன் பிறகு ஒரு சொட்டு போதும். இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதம் இங்கே செல்லாது. இருபத்தோராவது வருடத்தில், இமை திறக்க முடியாதபடி முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு.

பெண்களைவிட ஆண்கள் இதில் அசட்டையானவர்கள். தலைக்குக் கலக்கியதில் மிச்சத்தை மீசையில் தடவிக்கொள்வது நாடு முழுக்க உள்ள பழக்கம். மேலுதட்டில் வெள்ளைத் திட்டு விழுந்தால் அதை மறைக்க மீசையை இன்னும் அடர்த்தியாக வளர்ப்பார்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் டை.

இத்தனைக்கும் சட்டம் எச்சரிக்காமல் இல்லை. 1945-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதன விதிகளே தலைச் சாயத்துக்கு முன்சோதனை வேண்டும் என்று சொல்கின்றன. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும். புருவத்துக்கும் இமைக்கும் போடவே கூடாது, பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டிய வாசகம் இது. எறும்பு எழுத்தில் அச்சாகும் அதைப் படிக்க, டை அடிக்கும் வயதில் உள்ளவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படும். எந்த சலூனில், எந்த பார்லரில் முந்தின நாள் வரச்சொல்லிச் சோதிக்கிறார்கள்? தவிர, ஒவ்வாமை தலைகாட்ட இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். ஆகவே 24 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 48 மணி நேரம் பொறுப்பதே மேல்.

டை வேண்டாம், மருதாணி போதும் என்பவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மருதாணி இலை தருவது செம்பழுப்பு நிறம் மட்டுமே. அதற்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கன்னங்கறேல் என்று பிடிக்கும் 'காலி மெஹந்தி' என்றால் அதில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம், பாக்கெட்டில் எத்தனை பச்சை இலை வரைந்திருந்தாலும்.

இயற்கை என்ற சொல்லுக்கே நம்மிடம் தேவைக்கு மேல் மரியாதை. 1950-களில் புனேயில் தென்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியமும் இயற்கையான செடிதான், தோல் நோய் டாக்டர்களுக்கு அது தரும் வேலைக்கு அளவில்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும். குங்குமமும் அப்படித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமம் வேறு, கடைத் தெருவில் கிடைக்கும் சாயப்பொடி வேறு. புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் குங்குமத்தால் தோல் பாதித்த 46 பேரைப் பற்றி 2007-ல் எழுதினார்கள். குங்குமத்தில் ஒவ்வாமை தருவதாக அறியப்பட்டவற்றில் சூடான் 1, பிரில்லியன்ட் லேக் ரெட் போன்ற சாயங்கள் உண்டு.

சரி, லேபிளைப் படித்து வாங்கலாம் என்றால் அங்கேயும் சிக்கல். அழகுசாதனப் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று பட்டியலிட வேண்டும் என்பது விதி. ஆனால் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கிரீம், பவுடர் வகைகளுக்கும் விலக்கு. 2020-ல் வந்த அழகுசாதனப் பொருள் விதிகளிலும் இந்த விலக்கு தொடர்ந்தது. ஷாம்புவை சாஷேயில் அடைத்து ஏழைகளுக்கும் எட்டச் செய்த புரட்சி கடலூர் சின்னிகிருஷ்ணனிடமிருந்து தொடங்கியது என்பது தமிழர்களுக்குப் பெருமைதான். ஆனால் பெட்டிக் கடையில் சரமாகத் தொங்கும் அந்தச் சின்னப் பாக்கெட்டுகளை வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கடமை கம்பெனிக்கு இல்லை. பெரிய பாட்டில் வாங்கும் வசதி உள்ளவருக்குத்தான் அந்த விவரம்.

பட்டியல் இருந்தாலும், வாசனைப் பொருள்கள் அனைத்தும் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. ஐரோப்பாவில் ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும் என்ற விதி 2005-ல் அமலுக்கு வந்தது. 2023-ல் அந்த எண்ணிக்கையை 80-க்கு மேல் உயர்த்தினார்கள். 'சென்சிடிவ் தோலுக்கு', 'ஹைப்போ அலர்ஜெனிக்' போன்ற அலங்காரச் சொற்களை நம்பியும் பயனில்லை. இரண்டாவது சொல்லுக்குச் சட்டரீதியான இலக்கணம் வகுக்க அமெரிக்க அரசு 1975-ல் முயன்றது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1977-ல் கோர்ட் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.

வெள்ளை விழுந்துவிட்டால் முதல் வேலை, சந்தேகப்படும் பொருளை அன்றைக்கே நிறுத்துவது. பொரி தூவியது போலப் பொடிப் பொடிப் புள்ளிகளாக, பொருள் பட்ட இடத்தில் தொடங்கியிருந்தால் ரசாயனத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பலருக்கு, சில மாதங்களில், சிகிச்சையோடு நிறம் திரும்புகிறது. தாமதித்தால், படாத இடத்துக்கும் பரவக்கூடும். மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது இரட்டை ஆபத்து. அந்த வகைக் களிம்புகளில் 14-ஐ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டதே இதனால்தான்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் பயன்படுத்தும் சோப்பு, டை, ஸ்ப்ரே, பொட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகலாம். சிவப்பும் அரிப்பும் இருந்தால் அவர் 'பேட்ச் டெஸ்ட்' எழுதித் தருவார். பி.பி.டி., வாசனைக் கலவை, நிக்கல், பார்த்தீனியம் என்று இந்தியர்களுக்கு அடிக்கடி ஒவ்வாத பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு முறை பார்ப்பார்கள். வலியில்லை. அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. மே மாதத்தில் போனால், ஒட்டியது நிற்காது, மழை வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினாலும் ஆச்சரியமில்லை.