'போ' என்று சொல்லாத அன்னை

திருமுடி சூடவேண்டிய நாள் விடிந்துவிட்டது. தந்தையைக் காண வந்த சக்கரவர்த்தித் திருமகனின் எதிரே கைகேயி வந்து நிற்கிறாள். அவள் சொல்லவேண்டிய செய்தி ஒன்றே: அவன் காட்டுக்குப் போகவேண்டும். ஆனால் அவள் கூறும் வாக்கியத்தில் 'போ' என்ற ஏவல் இல்லை. கம்பநாட்டாழ்வார் கைகேயி சூழ்வினைப் படலத்தில் அமைத்த இந்தப் பாடலைப் பலமுறை கேட்டவர்களும், பொருளில் மனம் உருகி, அதன் அமைப்பைக் கவனியாது கடந்துவிடுவதுண்டு.

முந்திய இரவின் தொடக்கத்தில் அவள் பேச்சு வேறாக இருந்தது. கூனி வந்து எழுப்பி, துன்பம் சூழ்ந்தது என்றபோது, இராமனைப் பெற்ற தனக்கு இடர் ஏது என்றே கேட்டாள். பெற்றவள் கோசலை என்ற வேற்றுமை அவள் உள்ளத்தில் இல்லை. மனம் திரிந்த பின்பு அதே நாவு தசரதனிடம் வரம் கேட்கிறது. பரதன் 'என் மகன்' ஆகிறான். இராமனோ 'சீதையின் கணவன்'. பெயரும் இல்லை, பிள்ளை என்ற உறவும் இல்லை. மருமகள் வழியாகச் சுற்றி வந்தே அவனைச் சுட்ட முடிகிறது. காட்டுக்குப் போவதையும் வனத்தை 'ஆள்வது' என்கிறாள்.

தசரதன் அவள் சொற்களையே திருப்பித் தருகிறான். அவன் வாயில் 'என் மகன்' என்பது இராமனைக் குறிக்கிறது. மகன் வனம் ஆளட்டும், தான் மாண்டு வானுலகு ஆள்வதாகச் சொல்கிறான். வரம் தந்தேன் என்பதை இருமுறை கூறுகிறான். பழிவெள்ளத்தை நீ நீந்திக் கடக்கமாட்டாய் என்பதையும் இருமுறை. ஒரு சொல்லைச் சொல்லி அடுத்ததற்குச் செல்ல முடியாமல் தவிக்கும் கிழவனின் மூச்சு அது.

காலையில் இராமனிடம் கைகேயி முதலில் 'மைந்தனே' என்றுதான் விளிக்கிறாள். 'உன் தந்தை' ஒன்று சொல்லியிருப்பதாகத் தொடங்குகிறாள். பிறகு வருகிறது அந்த நீண்ட வாக்கியம். பரதன் உலகாள, நீ போய், சடை தாங்கி, தவம் மேற்கொண்டு, கானகம் அடைந்து, புண்ணியத் தீர்த்தங்களில் நீராடி என்று எச்சங்களே அடுக்கடுக்காக நீள்கின்றன. போவது அங்கே வெறும் வினையெச்சமாக ஒதுங்கிவிட்டது. ஏவலாக நிற்பது 'வா' என்ற சொல்தான்! காசி யாத்திரைக்கு வழியனுப்பும் தாய்கூட இத்தனை நயமாகச் சொல்லமாட்டாள். பதினான்கு ஆண்டு என்றும் அவள் சொல்லவில்லை. ஏழும் இரண்டுமாகப் பிரித்து, பெருக்கிக்கொள்ளும் வேலையைக் கேட்பவனிடம் விட்டுவிடுகிறாள். எல்லாம் முடிந்த பிறகே, இதைச் சொன்னவன் 'அரசன்' என்று வருகிறது. சற்றுமுன் தந்தையாக இருந்தவன், கட்டளை வெளிப்படும் இடத்தில் அரசனாகிவிட்டான். தந்தை இப்படிச் சொல்வான் என்று கூற அவளுக்கே நா எழவில்லை போலும். இரும்பு நெஞ்சத்தாள் என்று கவிஞர் அவளைச் சொல்கிறார்; அந்த இரும்பிலும் ஒரு கீறல் இருப்பதை அவள் வாக்கியம் காட்டிக்கொடுக்கிறது.

இராமன் மறுமொழியில் அத்தகைய சுற்றுவழி இல்லை. அரசன் ஆணையாக இல்லாவிட்டாலும் உங்கள் கட்டளையை மறுப்பேனோ என்கிறான். எந்தத் திரைக்குப் பின்னால் அவள் நின்றாளோ, அந்தத் திரையே தேவையில்லை என்று விலக்கிவிடுகிறான். தம்பி பெற்ற செல்வம் தான் பெற்றதே என்கிறான். பின்னர் வருபவை சின்னஞ்சிறு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் வினைமுற்றோடு முடிபவை: பணியைத் தலைமேல் ஏற்றேன், இன்றே காட்டுக்குப் போகின்றேன், விடையும் பெற்றேன். கைகேயியால் ஏவலாகச் சொல்ல முடியாத அந்தப் 'போதலை' அவனே தன்மையில், நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறான். விடை தருமாறு அவன் வேண்டவும் இல்லை. பெற்றுவிட்டதாக இறந்தகாலத்தில் கூறுகிறான். உடனே அவள் அடியிணை வணங்கி, தந்தை இருந்த திசை நோக்கித் தொழுது, கோசலையின் மாளிகைக்குச் செல்கிறான்.