கணிப்பொறிப் பதிவுகளும் பேரிடர் மீட்பும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற டெக்னோபார்க், நம் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். 2023 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையால் தெற்றியாறு கரைபுரண்டு, பூங்காவைச் சூழ்ந்த தாழ்வான பகுதிகளிலும் கழக்கூட்டத்துத் துணை மின்நிலையத்திலும் நீர் புகுந்தது. இத்தகைய வேளையில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளும் அவற்றின் நகல்களும் ஒரே கட்டடத்தில் இருப்பின், இரண்டும் ஒருங்கே பயனற்றுப் போகக்கூடும். ஆதலின், நகல் ஒன்றேனும் வெகு தொலைவில் இருத்தல் இன்றியமையாதது.

மீட்புத் திட்டம் வகுப்போர் முதற்கண் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டும். எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழக்க இயலும்? எவ்வளவு நேரம் பணி நின்றிருக்கலாம்? நள்ளிரவில் மட்டும் நகல் எடுக்கும் அலுவலகத்தில், மாலை 4 மணிக்கு இயந்திரம் பழுதுற்றால், அன்று காலை முதல் பதிந்தவை யாவும் அழியக்கூடும். சிறியதொரு கூட்டுறவுப் பண்டகசாலை அவற்றை ரசீதுகளைக் கொண்டு மீண்டும் எழுதிக்கொள்ளலாம். பெரிய வங்கிக்கு அது இயலாது. எனவே, வங்கிகள் தம் பதிவுகளைத் தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்துக்கு உடனுக்குடன் அனுப்பி வைக்கின்றன. எனினும், இவ்வுடனடி நகல் மட்டும் போதாது. இங்குத் தவறுதலாக அழிக்கப்பட்டது அங்கும் அக்கணமே அழியும். ஆகவே, இணைப்பினின்று துண்டித்து வைத்த முந்தைய நகலும் தேவையாகிறது.

நகலும் மாற்று நிலையமும் அமைந்தபின்னும் ஒரு பணி எஞ்சுகிறது. மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தைக்குச் சென்னையில் மாற்று நிலையம் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாற்றைத் தொடர்ந்து, முற்பகல் 11.40 மணிக்கு வாணிபம் நின்றது. சென்னை நிலையத்துக்குப் பணி மாற்றப்படவில்லை, பிற்பகல் 3.45 மணிக்கே வாணிபம் மீண்டும் தொடங்கிற்று. எந்நிலையில், எவர் ஆணையால் மாற்று நிலையத்துக்குச் செல்வது என்பதை முன்கூட்டியே வரையறுத்தலும் திட்டத்தின் பகுதியாகும். சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வாரியம் அடுத்த மாதமே இதற்கு விதி வகுத்தது. அதன்படி, முக்கிய இயந்திரங்கள் தடைப்பட்டால் 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என அறிவிக்கவேண்டும்; அறிவித்த 45 நிமிடங்களுக்குள் பணியை மீட்கவேண்டும்.

மதிப்பெண் பதிவேடுகளைக் கணிப்பொறியில் வைத்திருக்கும் பள்ளிகளுக்கும், கள அலுவலகங்களுக்கும் இம்முறை பொருந்தும். மூலத்துடன் சேர்த்து மூன்று பிரதிகள் இருத்தல் நன்று. அவை இருவேறு சாதனங்களில் அமைதல் வேண்டும். ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். மீட்கும் வழிமுறையையும் பொறுப்பாளர் பெயரையும் தாளில் எழுதி வைத்தல் நலம். கணிப்பொறி நின்றபோது அதனுள் இருக்கும் குறிப்பு உதவாது. பருவத்துக்கு ஒருமுறை, நகலை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, பத்து மாணவரின் மதிப்பெண்களையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத நகல், தேவைப்படும் நாளில் திறக்குமென்பதற்கு உறுதி இல்லை.