நீரில் இறங்கும் வண்டி

கடலில் தேருக்கு வேலையில்லை. நிலத்தில் நாவாய்க்கு வேலையில்லை. இடனறிதலைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர் இவ்விரண்டையும் உவமையாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. இடம் மாறினால் வலிமை போகும் என்பது அவர் கருத்து. ஆயினும் மனிதன் சும்மா இருப்பவன் அல்லனே! ஒரே ஊர்தி நிலத்திலும் ஓட வேண்டும், நீரிலும் மிதக்க வேண்டும் என்று இருநூறு ஆண்டுகளாக அவன் முயன்று வருகிறான். 1805-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆலிவர் எவான்ஸ் என்பவர், சேறு வாரும் நீராவிப் படகு ஒன்றுக்குச் சக்கரங்கள் பூட்டினார். அன்று தொடங்கிய முயற்சி எந்த அளவுக்கு வென்றது? எங்கே தடைப்பட்டது? அதனை இங்குக் காண்போம்.

முதலில் மிதத்தலை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கினால் மிதக்கும். இது ஆர்க்கிமிடிஸ் கண்ட உண்மை, பள்ளியிலேயே படித்தோம். 4 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டையான இரும்புத் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர். எஞ்சின், சக்கரம் எல்லாம் சேர்த்து எடை 1,000 கிலோ என்றால், அது நீரில் சுமார் 17 சென்டிமீட்டர் அமிழும். ஆளுக்கு 60 கிலோவாக நால்வர் ஏறினால் இன்னும் 4 சென்டிமீட்டர் இறங்கும். அவ்வளவே! ஆகவே வண்டியை மிதக்க விடுவது பெரிய வித்தையன்று. மிதக்கும் வண்டியை ஓட்டுவதும், அதனுள் நீர் புகாமல் காப்பதுமே வித்தை.

சாலையில் சக்கரம் தரையைப் பற்றித் தள்ளுகிறது. நீரில் பற்றிக்கொள்ள ஏது தரை? புரொப்பெல்லர் எனும் சுழல்விசிறியால் நீரைப் பின்னோக்கித் தள்ளித்தான் முன்னேற வேண்டும். அப்போது சாலையில் உதவிய சக்கரங்களும் அச்சுகளும் நீரைத் தடுக்கும் பாரங்களாகத் தொங்குகின்றன. போதாக்குறைக்கு, நீரைக் கிழித்துச் செல்லும் எந்தக் கலமும் தான் எழுப்பும் அலையையே தாண்ட முடியாமல் திணறுகிறது. அந்த வேக எல்லை கலத்தின் நீளத்தைப் பொறுத்தது. மீட்டரில் நீளத்தின் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஏறக்குறைய அவ்வெல்லை கிடைக்கும். 4 மீட்டர் வண்டிக்கு 9 கிலோமீட்டர்! எஞ்சினின் வலிமையை இரட்டித்தாலும் வேகம் அதற்குமேல் சிறிதே கூடும்.

இக்கணக்கு மெய்தானா என்று வரலாற்றைக் கேட்போம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய வோல்க்ஸ்வாகன் நீர்வண்டி, சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் சென்றது. நீரில் 10 கிலோமீட்டரே சென்றது. 1961 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஆம்பிகார் என்ற மோட்டார், சாலையில் மணிக்கு 70 மைல், நீரில் 7 மைல் என்ற பெருமையைத் தன் பெயரிலேயே '770' என்று பொறித்துக்கொண்டது. முன்சக்கரங்களே அதற்குச் சுக்கான். பின்புறம் இரண்டு நைலான் விசிறிகள். ஆனால் காராகப் பார்த்தால் மந்தமான கார். படகாகப் பார்த்தால் மந்தமான படகு. 4,000 வண்டிகள்கூட உருவாகவில்லை.

இவ்வெல்லையைத் தாண்ட ஒரு வழி உண்டு. கலம் நீரைக் கிழிக்காமல் நீரின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். அதற்கு அடிப்புறம் வழவழப்பாக இருத்தல் வேண்டும். சக்கரம் குறுக்கே நிற்கலாகாது. 2003-இல் வெளிவந்த அக்வாடா என்ற வண்டி, நீரில் இறங்கியதும் சக்கரங்களை மேலே மடக்கிக்கொண்டு, நீர்த்தாரையைப் பீச்சி மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தது. 2004-இல் அது இரண்டு மணிக்கும் குறைந்த நேரத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. வெற்றிதான், ஆனால் மடங்கும் சக்கரத்துக்குக் கொடுத்த விலை கொஞ்சமன்று.

இனி, நீர் புகாமல் காத்தல். படகின் அடியில் ஓட்டையே கூடாது. வண்டிக்கோ ஓட்டை இல்லாமல் முடியாது. உள்ளே இருக்கும் எஞ்சின் வெளியே இருக்கும் சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமே! அச்சு வெளிவரும் ஒவ்வோர் இடத்தையும் ரப்பர் உறையால் மூட வேண்டும். அந்த உறைகளே இவ்வூர்தியின் உயிர்நிலை.

1942-இல் அமெரிக்கர் உருவாக்கிய 'டக்' என்ற ஆறு சக்கர லாரி இதனை நன்கு உணர்ந்து அமைக்கப்பட்டது. படகுக் கலைஞர் ராட் ஸ்டீபன்ஸ் அதன் வடிவமைப்பாளர்களுள் ஒருவர். அதன் அடியில் இரண்டு அங்குலத் துளை விழுந்தாலும், புகும் நீரை இறைத்துத் தள்ளும் பம்பு இருந்தது. மணலில் ஏறும்போது ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே டயரின் காற்றைக் குறைக்கலாம். சாலைக்கு வந்ததும் கூட்டலாம். துறைமுகம் இல்லாத கரையில் கப்பலிலிருந்து சரக்கை இறக்கி, நிறுத்தாமல் சாலைக்கே கொண்டுசென்றது அது. 1944-இல் நார்மண்டிக் கரையில் அதன் சேவை அளப்பரியது. இருபதாயிரத்துக்கும் மேல் உருவாயின.

போர் முடிந்தபின் அவ்வண்டிகள் பல உல்லாசப் பயணத்துக்கு வந்தன. அங்கேதான் துயரம் நேர்ந்தது. 1999 மே மாதம் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், ஏரியில் இறங்கிய ஒரு டக் வண்டியின் அச்சுறை சரியாகப் பொருத்தப்படாததால் நீர் புகுந்தது. சில நிமிடங்களில் வண்டி மூழ்கிற்று. 13 பேர் மாண்டனர். வெயிலுக்குப் போட்ட மேற்கூரை, நீந்தி வெளிவர முயன்றவர்களுக்குச் சிறையாயிற்று. நீர் நிறைந்தாலும் மூழ்காதபடி மூடிய காற்றறைகளோ நுரைப்பொருளோ வைத்து மிகுமிதப்புத் தர வேண்டும். கூரையை எடுத்துவிட வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. கேட்டவர் சிலரே. 2018 ஜூலையில் மிசௌரி மாநில ஏரியொன்றில் புயற்காற்றில் அதே வகை வண்டி மூழ்கி 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2022 டிசம்பரில்தான் இவை சட்டமாயின. ஒரு பரிந்துரை சட்டமாகும் முன் எத்தனை உயிர் போக வேண்டியிருந்தது, பாருங்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். 1971 போரில் கிழக்கு வங்கத்தின் ஆறுகளும் சதுப்புகளும் நிறைந்த களத்தில், நீந்தும் பி.டி.-76 டாங்கிகளை நம் படை பயன்படுத்தியது. மேடக் தொழிற்சாலையில் உருவாகும் 'சாரத்' கவச ஊர்தி, தன் சங்கிலிப் பட்டைகளைச் சுழற்றியே ஆற்றை நீந்திக் கடக்கும். எங்கே எந்த ஆறு குறுக்கிடும் என்று அறியாத படைக்கு இத்தகைய ஊர்தி இன்றியமையாதது.

வெள்ளத்தில் சிக்கிய மக்களுக்கும் இதுவே மருந்தா? 2018-இல் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தனர். சாலை முடிந்த இடத்தில் லாரி நின்றது. நீர் தொடங்கிய இடத்தில் படகு இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். லாரி நல்ல லாரியாகவே இருந்தது. படகு நல்ல படகாகவே இருந்தது. அடியில் ஓட்டையில்லை, ரப்பர் உறையில்லை, இழுக்கும் சக்கரமில்லை. ஏற்றி இறக்கும் சிறிது நேரமே அதற்குக் கொடுத்த விலை.

ஆகவே பொறியியல் பயிலும் நண்பர்கள் இவ்வூர்தியை வரையத் தாளை விரிக்கும்முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலமும் நீரும் அடிக்கடி மாறி மாறி வருமா? மாறும் இடத்தில் ஏற்றி இறக்க ஆளோ நேரமோ இல்லையா? ஆம் எனில் இரண்டையும் ஒன்றாக்குங்கள். இல்லை எனில் தேரைத் தேராகவும் நாவாயை நாவாயாகவும் விட்டுவிடுவதே அறிவுடைமை. ஒன்றாக்கத் துணிந்தால், வேகத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். உறை கிழிந்து, பம்பு நின்று, உள்ளே நீர் நிறைந்த பின்னும் அது மிதக்குமா என்பதை முதலில் கணக்கிடுங்கள். அதில் ஏறப்போகிறவர் அக்கணக்கைக் கேட்கமாட்டார். நம்மை நம்பித்தான் ஏறுவார்.