வேலை போன ஊரில் பொழுது என்ன ஆனது?

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறையக் கிடைக்கும். அதில் நாலு புத்தகம் படிக்கலாம், ஊர்க்காரியம் பார்க்கலாம் என்றுதான் நமக்கு நினைக்கத் தோன்றும். அந்த எண்ணம் தவறு என்று 90 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிக்கொடுத்த ஊர் ஒன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள அந்த ஊரின் பெயர் மரியந்தால். ஒரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் 1930ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. சுமார் 480 குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் நிலையான வேலை உள்ளவர் ஒருவர்கூட இல்லாத நிலை ஏற்பட்டது.

அடுத்த ஆண்டின் இறுதியில் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் ஆய்வுக்குழு அங்கே சென்றது. ஊருக்கு ஏதாவது ஒரு விதத்தில் பயன்படாமல் யாரும் வெறுமனே வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது குழுவின் விதி. அதனால் வியன்னாவில் துணிமணிகள் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இலவச மருத்துவ ஆலோசனைக்கும் தையல் வகுப்புக்கும் ஏற்பாடு செய்தார்கள். மக்களோடு அப்படிப் பழகியபடியேதான் தகவல்களைச் சேகரித்தார்கள்.

தொழிலாளர் நூலகத்தின் பதிவேடு அவர்களைத் திகைக்கவைத்தது. கட்டணத்தை ரத்து செய்த பிறகும், 1929க்கும் 1931க்கும் இடையே புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. செய்தித்தாள் வாங்குவதும் குறைந்தது. சங்கங்களும் களையிழந்தன.

தெருவிலும் இதே கதைதான். ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள முக்கியத் தெருவில் நடந்துபோன 100 பேரை ஆய்வாளர்கள் மறைவிலிருந்து கவனித்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு முறையாவது நின்றார்கள். எங்கும் நிற்காமல் தெருமுனைவரை போனவர் பத்தில் ஒருவர்தான். பெண்களின் நடையில் வேகம் இருந்தது. அவர்களுக்குப் போனது கூலி வேலை மட்டுமே. சமையலும் துவையலும் பிள்ளை வளர்ப்பும் அப்படியே இருந்தன. அன்றாடம் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது, பல ஆண்களுக்கு எழுத எதுவும் இல்லை. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது ஆகியவை மட்டுமே நினைவில் நின்றன.

இந்த ஆய்வு 1933இல் நூலாக வந்தது. பின்னாளில் யஹோடா தன் கோட்பாட்டை விரிவாக்கினார். வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், இடைவிடாத செயல்பாடு ஆகிய ஐந்தையும் தருகிறது என்றார்.

மனம் சோர்ந்ததற்குக் காரணம் வறுமையா, வேலையின்மையா? இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்ற விமர்சனம் நெடுநாள் இருந்தது. வேலை கொடுத்தால் என்ன மாறும் என்று சோதிக்கும் வாய்ப்பாவது பின்னாளில் அதே ஊரிலேயே அமைந்தது. மரியந்தால் அடங்கிய கிராமட்நொய்சீடல் ஊராட்சியில், நீண்ட நாள் வேலையின்றி இருந்த அனைவருக்கும் 2020 அக்டோபரில் ஒரு வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வேலைக்கு முறையான ஊதியம் இருந்தது. மரவேலை, தையல், ஊர்ப் பூங்காப் பராமரிப்பு என்று அவரவருக்கு ஏற்ற பணி. அவர்களைச் சீட்டுக் குலுக்கியது போல இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைச் சில மாதங்கள் முன்னதாகச் சேர்த்தார்கள். ஆக்ஸ்போர்டு பொருளியலாளர்கள் மாக்சிமிலியன் காசி, லூக்காஸ் லேனர் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலையில் சேர்ந்தவர்களின் வருமானத்தோடு நாளின் ஒழுங்கும், சமூக மதிப்பும், மற்றவர்களோடு சேர்ந்திருக்கும் உணர்வும் உயர்ந்திருந்தன. ஆனால் உடல்நலத்தில் மாற்றம் தென்படவில்லை.

வேலையில்லாதவரைச் சோம்பேறி என்று ஏசுவது நம்மிடையே சாதாரணம். மரியந்தாலில் நடை தளர்ந்தவர்கள், ஆலை ஓடியவரை ஓடி ஓடி உழைத்தவர்கள். அவர்களைத் தளரவைத்தது சோம்பல் அல்ல, ஆலை மூடப்பட்டதுதான். எனவே உதவித்தொகையோடு அரசின் கடமை முடிந்துவிடாது. தகுந்த ஊதியமுள்ள வேலையும், அது கிடைக்கும்வரை போய்ச் சேர ஓர் இடமும், செய்ய ஒரு பொறுப்பும் வேண்டும். உங்கள் வீட்டில் வேலை தேடும் ஒருவர் இருந்தால், "சும்மாதானே இருக்கிறாய்" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.