சாவடியும் கணக்கேடும்

கோபாலபுரம் என்றதும் நினைவுக்கு வருவது எல்லைச் சாவடி அன்றோ? பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் கயிற்று லாரி அங்கே நின்று தாளைக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, அதன்பின் வணிகவரிச் சாவடிகள் ஓய்ந்தன. கணக்கு ஓயவில்லை! 2018 ஏப்ரல் 1 முதல், மாநில எல்லையைக் கடக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரியுள்ள சரக்கிற்கு இ-வே பில் வேண்டும். அதனோடு கடைக் கணக்கும் ஒத்திருக்க வேண்டும்.

எக்செல்லில் குறித்துவைத்த விவரத்தை டேலியில் ஏற்றும் வழி யாது? வழிகள் மூன்று. நாளுக்குப் பத்துப் பில் என்றால் கையால் அடிப்பதே போதும். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் கோப்பாக ஏற்றலாம், நெடுங்காலம் எக்ஸ்.எம்.எல். கோப்பை ஏற்றுவந்த டேலி, 2023-இல் வந்த 4.0 பதிப்பு முதல் எக்செல் கோப்பையும் நேரே ஏற்கிறது. ஓயாது விவரம் வருமாயின் இரு மென்பொருள்களையும் இணைத்துவிடலாம்; அதற்கு நிரல் எழுதுபவர் துணை வேண்டும்.

வழியைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பெயர் கணக்கில் முன்பே இருந்தால் என்ன செய்வது? பழையதை விட்டுவிடலாம், புதியதால் மாற்றலாம், தொடக்க இருப்பைக் கூட்டலாம். கூட்டச் சொல்லிவிட்டு ஒரே கோப்பை இருமுறை ஏற்றினால், 20,000 ரூபாய்க் கடன் 40,000 ஆகிவிடும்! வாங்காத கடனுக்கு அவர் பொறுப்பாவாரா?

ஆகவே, முதலில் கணக்கிற்கு நகல் எடுங்கள். பெயர்களை முன்னும் பில்களைப் பின்னும் ஏற்றுங்கள். ஐந்து வரிகளை ஏற்றிச் சரிபார்த்த பின்னரே முழுவதையும் ஏற்றுங்கள். சாவடியில் சோதிக்க அதிகாரி இருந்தார். இங்கே அந்த அதிகாரி நாமே.